மீன்பிடித் தடைக்காலக் கேள்வி

"ஏப்ரல் 15-லேருந்து 61 நாள் போட் கடலுக்குப் போகாது. அப்போ மீனுக்கு என்ன பண்ணுவீங்க தம்பி?"

காசிமேட்டு டீக்கடையில இன்னைக்குக் காதில விழுந்தது. வீட்டுக்கே மீன் டெலிவரி பண்ற தொழிலுக்கு முதலீடு கேட்டு வந்த பையன், "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம் சார்"னான்.

கேட்டவர் நோட்டை மூடிட்டார்.

மனசு கஷ்டமா இருந்துச்சு. அவர் மடக்கக் கேக்கல. அந்த ரெண்டு மாசம் சம்பளமும் வாடகையும் எங்கேருந்து வரும்னு தெரியணும், அவ்வளவுதான்.

பதிலும் இருக்கு. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகும், வரத்து குறையும், விலை ஏறும். மேற்குக் கரையில தடை ஜூன் 1-லதான் ஆரம்பம், அதுவரைக்கும் அங்கேருந்து எடுக்கலாம். கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ், மேல லாரி வாடகை. இதெல்லாம் போக என்ன மிஞ்சும்னு ஷீட்டில தனியாப் போட்டு, நஷ்டம்னா நஷ்டம்னே காட்டணும். தாக்குப்பிடிக்க எவ்வளவு பணம் வேணும்ங்கிற தொகையை முதல்ல சொல்லணும், காரணம் அப்புறம்.

கணக்கு கையில இல்லையா? "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புறேன் சார்"னு சொல்லி, அனுப்பியும் விடணும். வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னா, அடுத்த மீட்டிங்ல அதைத்தான் முதல்ல தோண்டுவாங்க.