செராமிக் ராடில் கத்தி தீட்டும்போது அழுத்த வேண்டாம்

கத்தி தீட்டும் பீங்கான் கம்பியான செராமிக் ராடு வாங்கியும் கத்தி கூராகவில்லை என்பவர்களின் கையைக் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். அழுத்திச் சரசரவென்று இழுப்பார்கள். சாணைக்கல்லில் கத்தியின் விளிம்பு நீளமாகப் படிந்து உட்காருவதால் கொஞ்சம் பலம் கொடுத்தாலும் அது பரவிவிடும். ராடோ உருளை. எந்த நொடியிலும் விளிம்பின் ஒரு புள்ளிதான் அதைத் தொடுகிறது. கை கொடுக்கும் பலம் முழுவதும் அந்தப் புள்ளியில் இறங்குவதால், வெட்டி வெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, இப்போது நிமிர வேண்டிய விளிம்பு மறுபக்கம் சாய்கிறது. கடினமான எஃகாக இருந்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது.

எவ்வளவு பலம் போதும் என்று கைக்குப் பழக்க ஒரு வழி இருக்கிறது. சமையலறைத் தராசின் மேல் ராடைப் படுக்கவைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கத்தியால் மெதுவாக வருடிப் பாருங்கள். 200 கிராமுக்குப் பக்கத்தில் எண் நிற்க வேண்டும். 1 கிலோவைத் தொட்டால் எங்கே தவறு என்று புரியும். கடைசி இழுப்புகளுக்கு அதிலும் பாதி போதும்.

இரும்பு ராடிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரிவரியாகக் கோடு போட்ட இரும்பு ராடு பெரும்பாலும் சாய்ந்த விளிம்பை நிமிர்த்தும் வேலையைச் செய்கிறது. செராமிக் ராடு அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடால் ஆனது. கத்தி எஃகைவிடக் கடினம். அதனால் நிமிர்த்துவதோடு, மிக மெல்லிய அளவில் எஃகைச் சுரண்டியும் எடுக்கிறது. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-ஐத் தாண்டிய கடினக் கத்திகளுக்கு வரிபோட்ட இரும்பு ராடு ஆகாது, விளிம்பை உடைத்துவிடும். அவற்றுக்கும் நயமான செராமிக் ராடு ஒத்துப்போகும், கை லேசாக இருக்கும்வரை.

ராடை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு வீசித் தீட்டுவது பார்க்க அழகு, ஆனால் வீட்டுக்குத் தேவையில்லை. இரண்டு கையும் ஆடினால் கோணம் எப்படி நிற்கும்? வெட்டும் பலகையின் மேல் ஈரத்துணியை மடித்துப் போட்டு, ராடின் நுனியை அதில் ஊன்றி, செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு கை கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க, விரல்கள் எல்லாம் கைப்பிடிக்கும் ராடுக்கும் நடுவே உள்ள தடுப்புக்கு மேலேயே இருக்கட்டும். இனி கத்தி மேலிருந்து கீழே நேராக இறங்கினால் போதும். கோணத்தைக் கத்திதான் தீர்மானிக்கும்.

கோணம்: மெல்லிய கத்திகளுக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி, கனமானவற்றுக்கு 20. டிகிரியைக் கண்ணால் அளக்க முடியாது, தூரத்தை அளக்கலாம். அலகின் அகலம் 4.5 செ.மீ. என்றால், 15 டிகிரியில் கத்தியின் முதுகு ராடிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கும், 20 டிகிரியில் சுமார் 15 மி.மீ. வித்தியாசம் வெறும் 3 மி.மீ. பலர் 30 டிகிரிக்குமேல் தூக்கிவைத்து இழுப்பதால்தான், தீட்டிய பிறகும் கத்தி சரியாக வெட்டாமல் மக்கர் செய்கிறது.

சந்தேகம் இருந்தால் மார்க்கர் பேனாவால் விளிம்போரம் இரண்டு பக்கமும் மை பூசுங்கள். பக்கத்துக்கு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விளக்கடியில் பாருங்கள். விளிம்பில் மை அப்படியே இருக்க, அதற்குச் சற்று மேலே அழிந்திருந்தால் கோணம் போதவில்லை, முதுகை லேசாகத் தூக்க வேண்டும். விளிம்பின் ஓரத்தில் மயிரிழை அகலத்துக்கு மட்டும் அழிந்திருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

இழுக்கும் முறை இதுதான். கத்தியின் அடிப்பகுதி, அதாவது கைப்பிடியை ஒட்டிய விளிம்பு, ராடின் உச்சியில் தொடட்டும். கீழே இறக்கிக்கொண்டே கத்தியை உங்கள் பக்கம் இழுங்கள். ராடின் அடிக்கு வரும்போது கத்தியின் நுனி ராடில் இருக்க வேண்டும். அங்கேயே நிறுத்துங்கள், ராடைத் தாண்டி நழுவ விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் நுனி நழுவி விழுந்தால் சில மாதங்களில் அது உருண்டு மொட்டையாகிவிடும். நுனிக்கு முன்னால் விளிம்பு வளையும் இடத்தில் கைப்பிடியைச் சற்றே உயர்த்தினால்தான் கோணம் மாறாமல் இருக்கும். ஒரு இழுப்புக்கு இரண்டு நொடி எடுத்துக்கொள்ளலாம். வேகத்தால் எந்த லாபமும் இல்லை.

இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி, பக்கத்துக்கு ஐந்தாறு. கடைசி இரண்டு மூன்று, தொட்டும் தொடாமலும். அதற்குமேல் போனால் பிசிறு, அதாவது விளிம்பில் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய எஃகு, எழும்ப ஆரம்பிக்கும். கட்டைவிரலின் சதையை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளியே நகர்த்திப் பாருங்கள் (விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் அல்ல). ஒரு பக்கம் மட்டும் நெருடினால் அங்கே பிசிறு இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் கோணத்தை இம்மியளவு கூட்டி, மிக லேசாக ஒன்றிரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். பிசிறோடு விட்டால் முதல் வெட்டில் பிரமாதமாக இருக்கும், பத்தாவது வெட்டில் பிசிறு மடங்கிக் கத்தி வழுக்கும்.

பரிசோதனைக்குச் செய்தித்தாள் நல்லது. மேல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியின் அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் வெட்டுங்கள். எங்கே தாள் கிழிகிறதோ, விளிம்பின் அந்த இடம் இன்னும் மழுங்கல். விளிம்பை மேல்நோக்கிப் பிடித்து விளக்கின் அடியில் பார்த்தாலும் தெரியும்: மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னும், கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. பிறகு கத்தியைக் கழுவி, முதுகிலிருந்து விளிம்புப் பக்கமாகத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத உலோகத் தூள் ஒட்டியிருக்கும்.

அதே தூள்தான் ராடின் மேலும் சாம்பல் நிறக் கோடுகளாகப் படிகிறது. செராமிக்கின் நுண்துளைகள் அடைபட்டதும் ராடு வழுக்கும். கத்தி கடித்துப் போகும் மெல்லிய ஓசையும் நின்றுவிடும். மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்துத் தேய்த்தாலோ, பாத்திரம் தேய்க்கும் பவுடரால் கழுவினாலோ பழைய வெள்ளை நிறம் திரும்பும். எண்ணெய் தடவக் கூடாது. ராடைக் கீழே போட்டால் கண்ணாடிபோல் உடையும், அதனால் இழுப்பறையில் மற்ற சாமான்களோடு உருள விடாமல் தொங்கவிடுங்கள். எங்காவது இடித்துவிட்டால் நகத்தால் நீளமாக வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தால் அந்தப் பகுதியில் கத்தியைப் படவிடாதீர்கள்.

வாங்கும்போது ராடு உங்கள் நீளமான கத்தியின் அலகைவிட 5 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். 20 செ.மீ. கத்திக்கு 25 அல்லது 30 செ.மீ. ராடு. அவசரத்துக்கு ராடு இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துவையுங்கள்; அடிவளையத்தில் பளபளப்புப் பூச்சு இல்லாத சொரசொரப்பான ஓரம் அதே வேலையைச் செய்யும்.

ராடால் ஆகாதவையும் உண்டு. பத்து இழுப்புக்கும் மசியாத கத்தி, கண்ணுக்குத் தெரியும் பல் விழுந்த கத்தி இரண்டுக்கும் சாணைக்கல்தான் வேண்டும். மழுங்கலுக்கு 1000 கிரிட் கல் (கிரிட் எண் கூடக்கூடக் கல் நயமாகும்), பல் விழுந்ததற்கு அதைவிடச் சொரசொரப்பானது. ஒழுங்காகப் பராமரித்த கத்திக்கும் அந்த நாள் வரும். ராடு விளிம்பின் ஓரத்தையே தொடுவதால் ஒவ்வொரு தடவையும் விளிம்புக்குப் பின்னால் கனம் துளித்துளியாகக் கூடுகிறது. அந்தக் கனத்தைக் கல்தான் எடுக்கும். ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள ஜப்பானியக் கத்திகளை ராடுக்குக் கொண்டுவராதீர்கள். செராமிக் கத்திக்கு வைரத் தூள் பதித்த கருவி வேண்டும். பல்வரிசை உள்ள ரொட்டிக் கத்திக்கு மெல்லிய ராடு இருந்தால் முடியும்: சரிவு இருக்கும் பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு மூன்று தேய்ப்பு, கடைசியில் தட்டையான பக்கத்தைப் படுக்கவைத்தபடி ஒரே ஒரு இழுப்பு.