கட்டிட்டுப் போயிடு தம்பி

வக்கீல் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்து 22 வருடம் ஆகிறது. குன்னூரில் ஒரே சீனியரிடம்தான் இத்தனை காலமும். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, ஸ்டாம்ப் ஒட்டுவது, வாய்தா தேதியை டைரியில் குறிப்பது, நகல் மனு போட்டுவிட்டு நகலுக்காக நடையாய் நடப்பது, இதுதான் என் பிழைப்பு. மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். எங்கள் ஊரில் ஜூனில் பிடித்தால் நவம்பர் வரை கேஸ் கட்டுகள் ஈரம் குடித்துக் கனத்துப் போகும். வெயில் முகம் காட்டும் நாளில் நாடாவை அவிழ்த்து ஜன்னலோரம் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

இந்த 22 வருடத்தில் என் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை, ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு தம்பி’ என்பதுதான்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். திருவிழாவில் அடிதடி, பஸ் ஸ்டாண்டில் வாய்த்தகராறு என்று வருகிற சின்னக் கேஸ்களில் பெரும்பாலும் ஒரே மூன்று பிரிவுகள்தான் இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506-ன் முதல் பகுதி. அசிங்கமாகத் திட்டியது, கையால் அடித்தது, மிரட்டியது. கேஸை நடத்தினால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். கொழுந்து பறிக்கிற அம்மாவும் கூடவே வருவார், அவர் கூலியும் போகும். ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது. அப்படித்தான் எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா சொன்னார், நானும் சொன்னேன்.

2017-ல் ஒரு எஸ்டேட் மாரியம்மன் திருவிழா. சித்திரை மாதம். கரகம் எடுத்து முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் இரண்டு லயன்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைச் சேர்ந்த பையன்களுக்குள் கைகலப்பு. ஒரு தரப்பில் அண்ணன், தம்பி, அவர்களுடைய நண்பன் என்று மூன்று பேர் மேல் வழக்கு. யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஸ்டேஷன் ஜாமீனிலேயே விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் தை மாதம் சம்மன் வந்து, பக்கத்துத் தாலுகா கோர்ட்டில் மூன்று பேரும் கூண்டில் ஏறினார்கள். குற்றச்சாட்டைப் படித்தார்கள். ‘ஒத்துக்கறேங்க’ என்றார்கள். ஆளுக்கு 1,000 ரூபாய். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்கும். தம்பி ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெளியே வந்ததும், “அண்ணா, இதோட முடிஞ்சதுல்ல?” என்று கேட்டான்.

“முடிஞ்சுது. போய் வேலையப் பாரு” என்றேன்.

2022-ல் அந்தத் தம்பி மறுபடி ஆபீஸுக்கு வந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கீழே சமவெளியில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். மூன்று மாதம் வேலையும் பார்த்திருக்கிறான். சேரும்போது கொடுத்த படிவத்தில், ‘உங்கள் மீது வழக்கு இருந்ததா, நீதிமன்றம் அபராதமோ தண்டனையோ விதித்ததா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறான். போலீஸ் சரிபார்ப்பில் கேஸும் தண்டனையும் வந்துவிட்டன. அடிதடிக்காக அவனை அனுப்பவில்லை, பொய் சொன்னான் என்று அனுப்பினார்கள். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. நான் முடிந்தது என்று சொன்னதை நம்பி எழுதினான்.

தண்டனை என்றால் ஜெயில் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் ஒப்புக்கொண்டு கட்டுகிற ஆயிரம் ரூபாயும் தண்டனைதான். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். ஆனால் அது ஒரு பையனைத் தேடி நாலு வருடம் கழித்து வேலை செய்கிற இடத்துக்கே வரும் என்று நான் யோசித்ததில்லை. முன்பெல்லாம் எஃப்.ஐ.ஆர். அந்தந்த ஸ்டேஷன் பீரோவில்தான் தூங்கும். போலீஸ் ஸ்டேஷன்களை இணைக்கிற சி.சி.டி.என்.எஸ். என்ற வலைப்பின்னல் வந்தபிறகு எல்லாம் கம்ப்யூட்டரில். கோர்ட்டின் பக்கமும் அப்படியே. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு எண் வந்துவிடுகிறது. எங்கள் பக்கம் வெலிங்டன் கண்டோன்மென்ட் இருக்கிறது, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது, ஊர் முழுக்க ரிசார்ட்டுகள் இருக்கின்றன. காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவனுக்கும் வெளிநாடு போகிறவனுக்கும் போலீஸ் சான்று வேண்டும். 

சீனியரின் மகள் சட்டம் படிக்கிறாள். வெளிநாடுகளில் இதற்கு வழி உண்டு என்று அவள்தான் விளக்கினாள். அமெரிக்காவில் ‘எக்ஸ்பஞ்ச்மென்ட்’ என்று மனு போட்டுப் பதிவை நீக்கலாமாம், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பென்சில்வேனியாவில் 2018-ல் வந்த சட்டப்படி சில சிறு வழக்குகள், குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால், மனுவே இல்லாமல் தானாக மறைக்கப்படுகின்றன. பிரிட்டனில் 1974-லேயே அதற்கென்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். நம் நாட்டில் வயது வந்தவர் ஒருவரின் தண்டனையை, இத்தனை வருடம் நல்லபடியாக இருந்தான் என்று சொல்லி அழிக்கப் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. ஹைகோர்ட்டில் எஃப்.ஐ.ஆரையோ வழக்கையோ ரத்து செய்யக் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 528. இரு தரப்பும் சமரசமாகிவிட்டால் அதைச் சொல்லியும் ரத்து கேட்கலாம். அதற்காக நானே மேட்டுப்பாளையம் போய் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துக் கட்சிக்காரர்களைச் சென்னைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, நாலு வருடம் கழித்து வருகிறவனுக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது.

சீனியர் யோசித்துப் பார்க்கலாம் என்றார். கையில் இருக்கிற எல்லாக் காகிதத்தையும் எடுத்து வா என்று பையனை அனுப்பினோம்.

மறுநாள் அம்மாவும் வந்தார். ஒரு பழைய துணிப்பையில் எல்லாம் இருந்தது. காகிதத்தின் அருமை தெரிந்த குடும்பம் அது. 1964-ல் போட்ட சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சிலோனிலிருந்து வந்தவர்கள். அந்தப் பையனின் தாத்தா மண்டபம் முகாம் வழியாக வந்தபோது வைத்திருந்த குடும்ப அட்டை கூட அந்தப் பையில் பத்திரமாக இருந்தது. ஓரம் பழுத்து, மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. அந்த அட்டை இல்லாவிட்டால் நீ யார் என்று கேட்பார்கள் என்று பயந்து வாழ்ந்த தலைமுறை. அதனால் அவர்கள் வீட்டில் எதையும் தூக்கிப்போடுவதில்லை. அந்த ஆயிரம் ரூபாய் ரசீதும் நாலாக மடித்தபடியே இருந்தது.

அடியில் பள்ளி மாற்றுச் சான்றிதழ். பிறந்த தேதி எண்ணில் 14.09.1999. அதற்குக் கீழே எழுத்தில்: பதினான்கு செப்டம்பர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. நான் விரல் விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். அப்புறம் ஈரம் பிடித்த பழைய கட்டை இறக்கி எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்த்தேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘வயது 19/2017’ என்று இருந்தது. சம்பவ நாளில் அவனுக்கு 17 வயது 7 மாதம்.

சீனியரிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நானும் பார்க்கலை” என்றார். அந்தக் கேஸுக்கு அதற்குமேல் அவர் ஒரு பைசா வாங்கவில்லை.

கோர்ட்டுக்கு வந்த தை மாதத்தில் அவனுக்கு 18 தாண்டிவிட்டது. அதனால் கூண்டில் நின்றவனைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்துக்கு, கோர்ட்டில் நிற்கும் நாளின் வயது கணக்கில்லை. சம்பவம் நடந்த நாளின் வயதுதான் கணக்கு. 2015-ம் வருடச் சட்டத்தின் 9-வது பிரிவு, வழக்கு முடிந்தபிறகும் எந்தக் கட்டத்திலும் இதை எழுப்பலாம் என்கிறது. பதினெட்டு ஆகாதவன் என்று தெரியவந்தால், விதித்த தண்டனைக்குப் பலன் கிடையாது, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். 24-வது பிரிவு இன்னும் முக்கியம். அந்தத் தீர்ப்பால் அவனுக்கு எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது, உரிய காலம் முடிந்தபின் பதிவுகளையே அழிக்க வேண்டும். பதினாறு வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்து பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. நம் சட்டத்தில் பதிவை அழி என்று இவ்வளவு நேராகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

மனு போட்டோம். வயதை நிரூபிக்கச் சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்றுதான். தலைமை ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சாட்சி சொன்னார். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அப்பா வைத்த கைநாட்டு அந்தப் பக்கத்தில் இருந்தது. கோர்ட் வயதை ஏற்றுக்கொண்டது. பிறகு ஊட்டியில் குழுமத்தின் முன்னால் சில மாதம். புத்தி சொல்லி அனுப்பி, பதிவை நீக்கும்படி உத்தரவு போட்டார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

உத்தரவு வந்ததும் முடிந்துவிடவில்லை. இந்தத் தடவை நான் முடிந்தது என்று சொல்லவும் இல்லை. சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் நல்ல மனிதர், ஆனால் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். இரண்டாவது தடவை பதிவேடு கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை கிடைத்தது. ஸ்கேலை வைத்து, சிவப்பு மையில், உத்தரவு எண்ணையும் தேதியையும் அவன் பெயருக்கு எதிரே எழுதினார். கம்ப்யூட்டரில் இருப்பதற்கு மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குத் தனியாக மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்தேன். கோர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்குக் காகிதம் தானாகப் போகும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். விடுதலையான கேஸே கம்ப்யூட்டரில் ‘விசாரணையில்’ என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நகலைக் கையில் எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் நடக்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பிறகு என் வேலை கொஞ்சம் மாறிப்போனது. சின்னக் கேஸ் என்று யார் வந்தாலும் முதலில் பிறந்த தேதி கேட்கிறேன், ஆதாரில் இருப்பதை அல்ல, பள்ளிச் சான்றில் இருப்பதை. அப்புறம், என்ன வேலைக்குப் போக ஆசை என்று கேட்கிறேன். போலீஸ் வேலை என்றால் சமரசம் பேசுகிற விதமே வேறு. சாட்சியைப் பிறழவைத்து விடுதலை வாங்குவது எங்கள் தொழிலில் சகஜம். ஆனால் புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலை, சந்தேகத்தின் பலனால் விடுதலை என்றால், தமிழ்நாடு போலீஸ் தேர்வு விதி அவனை வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே எடுத்துக்கொள்கிறது. விடுதலை என்று இனிப்பு கொடுத்துவிட்டுப் போனவன், உடல்தகுதித் தேர்வு வரை ஓடி ஜெயித்துவிட்டு, அங்கே வந்து நிற்பான்.

ஒப்புக்கொள்வதுதான் சரி என்றால் சீனியரிடம் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 3-வது பிரிவைக் கேளுங்கள் என்பேன். இரண்டு வருடத்துக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றம், இதற்கு முன் தண்டனை இல்லை என்றால், அபராதத்துக்குப் பதில் கண்டித்து விடலாம். அப்படி விட்டால், தண்டனையோடு ஒட்டிவரும் தகுதிக் குறைவு அவனுக்கு இல்லை என்கிறது 12-வது பிரிவு. வேலை கொடுப்பவர் நடத்தையைப் பார்க்கவே கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. இருந்தாலும் ரசீதோடு போவதற்கும் இப்படிப் போவதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கேட்டால் கிடைக்கக்கூடிய ஒன்றை இத்தனை வருடம் கேட்காமலே இருந்துவிட்டோம்.

படிவத்தில் மட்டும் மறைக்காதே என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அவதார் சிங் வழக்கில் 2016-ல் சுப்ரீம் கோர்ட், சின்ன விஷயங்களை மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் விரும்பினால் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் அது அவர் இஷ்டம். அவர் பொறுக்காவிட்டால் மறைத்ததே குற்றமாகிவிடுகிறது.

தம்பிக்கு இப்போது வேறு வேலை. அவன் உத்தரவு நகலை வாங்க வந்த அன்று அண்ணனும் கூட வந்திருந்தார். ஜீப் ஓட்டுகிறார். தம்பி கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரை வாசலிலேயே நின்றிருந்துவிட்டு, “அண்ணா, அதே கேஸு, அதே ஃபைன்தானே. எனக்கும் எடுத்துடலாமா?” என்று கேட்டார்.

சம்பவ நாளில் அவருக்கு 22.

சீனியர் அவருடைய கட்டையும் பிரித்துப் பார்த்தார். ஒப்புக்கொள்பவர் சொன்ன வார்த்தைகளிலேயே முடிந்தவரை அதைப் பதிய வேண்டும் என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 252-வது பிரிவு சொல்கிறது. மூன்று பேர் பதிவிலும் ஒரே வரிதான் இருக்கிறது, எழுத்து மாறாமல். அதை வைத்து ஊட்டி செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு கேட்கலாம், ஆனால் இத்தனை வருடத் தாமதத்தை முதலில் மன்னிக்க வேண்டும் என்றார். ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. 

தாமத மனுவோடு சேர்க்கிற பிரமாணப் பத்திரத்தில், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். ‘ஃபைன் கட்டியதோடு வழக்கு முடிந்தது என்று வக்கீல் குமாஸ்தா சொன்னதை நம்பியிருந்தேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை நான்தான் டைப் செய்தேன். சீனியர் படித்துவிட்டு, இந்த வரி வேண்டுமா என்று என்னைப் பார்த்தார். இருக்கட்டும் சார் என்றேன். வரும் 18-ம் தேதி வாய்தா.