குதிகால் நாட்குறிப்பு

மார்ச் 2

வாடை இன்னும் முழுதாக விடவில்லை. திருகோணமலை உப்புவெளியில் அலை இடுப்பளவுக்கு எழுந்து உடைகிறது, தண்ணீரும் கலங்கல். மழை தொடங்கியதிலிருந்து கடலில் ஒழுங்காக நீந்தவில்லை. ஹோட்டல் தடாகத்தில் போய்ப் போய்த் திரும்புவதை நான் நீச்சலாகக் கணக்கெடுப்பதில்லை. கொஞ்சம் கை வீசினால் சுவர் வந்துவிடும். சுவரைத் தள்ளும் ஒவ்வொரு தடவையும் உடம்பு ஓய்வெடுத்துக்கொள்கிறது. கடலில் அந்த ஓய்வு கிடைக்காது.

ஓட்டம் நன்றாக இருந்தது. டச்சுக்குடா, கோட்டை வாசல், கோணேசர் மலை ஏற்றம், திரும்ப வீடு. கடைசி ஏற்றத்திலும் மூச்சு அடங்கியே இருந்தது. இறங்கும்போது இடது குதிகாலுக்கு மேலே சின்னதாய் ஓர் இறுக்கம்.

மார்ச் 3

கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியிலேயே நோ. கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள் விட்டுவிட்டது.

மார்ச் 7

கோட்டைப் பக்கம் விடியுமுன் சைக்கிளில் போனால் மான்கள் வீதியிலேயே படுத்திருக்கும். எல்லாருக்கும் தெரிந்ததுதான், நானும் அங்கே மெதுவாகத்தான் போவேன். இன்று ஒன்று மதிலோரம் இருந்து குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்தேன், பின் சக்கரம் வழுக்கிச் சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் போனது. மானுக்கு ஒன்றும் இல்லை, நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

பின் கியரைத் தாங்குகிற சிறிய அலுமினியத் துண்டு உள்ளே வளைந்துவிட்டது. மிதிக்க மிதிக்கச் செயின் தானாகத் தாவுகிறது. விழுந்தால் சட்டகம் தப்பட்டும் என்பதற்காகவே அந்தத் துண்டை மெலிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். சட்டகம் தப்பியது. நிம்மதி.

மார்ச் 10

பாடசாலை முடிந்து சைக்கிளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தில் காற்று அள்ளியது. 396 மீற்றர் நீளத்துக்கும் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். 2009இல் இந்தப் பாலம் திறக்கும் வரை இந்த இடத்தைப் பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். அம்மா அந்தக் காத்திருப்பைப் பற்றி இன்னமும் கதைப்பார்.

சைக்கிள் திருத்துகிற நானாவுக்கு நோன்பு. வாய் வறண்டிருந்தும் முகம் சுளிக்காமல் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நிமித்தலாம் தங்கச்சி. ஆனா இன்னொருக்கா வளைஞ்சா முறிஞ்சிடும்." புதிது வேண்டுமென்றால் கொழும்பில் தேட வேண்டும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு வேறு அமைப்பு, ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்குப் பொருந்தாது. நோன்பு திறந்த பிறகு செய்து தருவதாகச் சொன்னார். நான் அங்கேயே இருந்தேன். கஞ்சி தந்தார்கள். இரவு எட்டரைக்கு நிமிர்த்தி, கியரையும் சரிபார்த்துக் கையில் தந்தார். கூலி வாங்க மறுத்தவரிடம் கெஞ்சித்தான் கொடுக்க முடிந்தது.

மார்ச் 11

முதல் அடி: நேற்றையதைவிட மோசம்.

மார்ச் 15

பிசியோவிடம் போய்வந்தேன். குப்புறப் படுக்கச் சொல்லி இரண்டு விரலால் குதிகால் நாணைக் கிள்ளிப் பார்த்தார். குதி எலும்பிலிருந்து நாலு விரல் மேலே ஓர் இடத்தில் துடித்துவிட்டேன். அந்த இடம் வலது காலைவிடத் தடித்திருக்கிறது, எனக்கே கையில் தெரிகிறது. அக்கிலீஸ், கெண்டைத் தசையைக் குதி எலும்போடு இணைக்கிற நாண். அந்த இடத்துக்கு இரத்த ஓட்டமும் குறைவாம், அதனால் ஆறவும் நாளெடுக்கும். "அறவில்லை, கிழியவுமில்லை, நோகிறது அவ்வளவுதான்" என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு ஆறுதலாக இல்லை.

ஓட்டம் நிறுத்தம். எவ்வளவு காலம் என்று கேட்டேன். காலெண்டரைப் பார்க்காமல் காலைப் பார்க்கச் சொன்னார். எனக்குக் காலெண்டரும் வேண்டும். மே கடைசியில் முதல் ட்ரையத்லன் பந்தயம்: 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். வடக்கு, தெற்கு, கொழும்புப் பிள்ளைகள் எல்லாரும் இப்போது கிலோமீற்றர் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் தடாகம் இருக்கிறது, பயிற்றுநர் இருக்கிறார். எனக்கு இருப்பது இந்தக் கடல். அது வருடத்தில் பாதிதான் எனக்குக் கிடைக்கிறது. இந்தப் பாதி தொடங்குகிற கிழமையிலா கால் இப்படிச் செய்ய வேண்டும்?

இரவு படுத்தும் அதையே யோசிக்கிறேன். கணுக்காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறேன், நோகிறதா என்று பார்ப்பதற்காகவே. நோகிறது. அதைச் செய்ய வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

மார்ச் 16

இன்று யாருடனும் கதைக்க விருப்பமில்லை.

மார்ச் 18

தரம் 9 பிள்ளை ஒன்று: "டீச்சர், ஏன் நொண்டுறீங்க?" படியில் தடக்கியதாகச் சொல்லிவிட்டு மின்சுற்றைக் கரும்பலகையில் கீறினேன்.

மார்ச் 22

வீட்டு வாசற்படிதான் இப்போது பயிற்சி நிலம். விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலால் ஏறி, நோகிற காலால் மெதுவாகக் குதியைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். 15 தடவை, மூன்று சுற்று, முழங்கால் நீட்டி. பிறகு அதே அளவு முழங்கால் மடக்கி. காலையும் மாலையும். மொத்தம் நாளுக்கு 180. 1998இல் சுவீடனில் அல்பிரட்சன் என்ற வைத்தியரின் குழு வெளியிட்ட முறை, 12 கிழமை செய்ய வேண்டும். நோகும்போதும் நிறுத்தாமல் செய்யச் சொல்வது முதலில் எனக்கு ஏற்கவே இல்லை. ஆனால் நாணுக்குப் பாரம் கொடுத்தால்தான் அது திரும்பப் பலப்படும், வெறும் ஓய்வில் அது இன்னும் சோர்ந்துதான் போகும் என்று பிசியோ படம் வரைந்து விளக்கினார். சரி, செய்கிறேன்.

அம்மா கன்னியாவுக்குப் போய்க் காலில் வெந்நீர் ஊற்றச் சொல்கிறார். ஏழு கிணற்றிலும் சூடு ஒரே அளவில்லை, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டதற்கு "எல்லாத்திலயும் ஊத்து" என்றார். போனேன். ஊற்றினேன். சுகமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு அதைவிடச் சுகம்.

மார்ச் 29

கடல் ஆறிவிட்டது!

மாமா நேற்றிரவே தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஐந்தரைக்கு சல்லிக் கரையில் தோணியோடு நின்றார். தண்ணீர் கண்ணாடி போல, அடிமணலில் என் நிழல் தெரிந்தது. "பிள்ளை, இண்டைக்கு நீரோட்டம் வடக்க இழுக்குது. முதல்ல தெற்க போ, வரேக்க அது உன்னைக் கொண்டுவரும்." எந்தக் கைக்கடிகாரமும் இதைச் சொல்லித் தராது.

தெற்கே போகும்போது கோணேசர் மலைதான் குறி. ஆறு கைக்கு ஒருதரம் கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வர முகத்தை உயர்த்தி, மலையைப் பார்த்துவிட்டு, அப்படியே பக்கவாட்டில் மூச்சு. தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்துவிடும். தடாகத்தில் பழகிய உடம்பு தொடக்கத்தில் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனது. மாமா துடுப்பால் தோணிப் பலகையைத் தட்டித் தட்டி என்னை நேராக்கினார். திரும்பும்போது நீரோட்டம் உண்மையாகவே தள்ளியது. ஒரு கை வீச்சுக்குக் கிடைத்த தூரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

குளிர்நாட்டு வீடியோக்களில் எல்லாரும் ரப்பர் உடுப்புப் போட்டு மிதக்கிறார்கள். இங்கே தண்ணீர் 28, 29 பாகை, அந்த உடுப்பைப் போட்டால் வெந்துபோவோம். மிதப்பதை உடம்புதான் பழக வேண்டும். கால் நாண் ஒருதரமும் நோகவில்லை. கரையில் நின்று அழுதேன். மாமா வலையைப் பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

ஏப்ரல் 1

முதல் அடி: நோ பத்தில் நான்கு.

ஏப்ரல் 4

சொறிமுட்டை, அதாவது ஜெல்லிமீன். இடது முன்கையிலிருந்து கழுத்து வரை கயிற்றால் அடித்த மாதிரிச் சிவந்த கோடுகள். கரையில் இருந்தவர்கள் மணல் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள், விடவில்லை. தேய்த்தாலோ நல்ல தண்ணீர் ஊற்றினாலோ தோலில் ஒட்டியிருக்கிற மிச்சமும் கொட்டத் தொடங்கும். கடல்நீரால் கழுவி, தும்பு போன்றதை அட்டை விளிம்பால் எடுத்துவிட்டு, வீட்டில் தாங்குமளவு சுடுநீரில் கையை வைத்திருந்தேன். எரிவு அடங்கப் பின்னேரமாகிவிட்டது. மூச்சு முட்டவில்லை, நெஞ்சு இறுகவில்லை. அது இருந்திருந்தால் நேரே வைத்தியசாலைதான்.

நாளைக்கு நீளக்கைச் சட்டையோடு இறங்குவேன். கழுத்தை என்ன செய்வது?

ஏப்ரல் 6

டச்சுக்குடாவில் தண்ணீருக்குள் ஓடினேன். இடுப்பில் மிதவைப் பட்டி, கால் தரை தொடாத ஆழம், நிமிர்ந்த உடம்பு, தரையில் ஓடுகிற அதே அசைவு. நாணில் இடி விழாது. நாடித்துடிப்பு தரையில் ஓடுவதைவிடத் தண்ணீரில் குறைவாகவே காட்டும், அதனால் கடிகார எண்ணைப் பார்க்காமல் மூச்சை வைத்து அளக்கிறேன். ஒரு நிமிடம் முழுவேகம், ஒரு நிமிடம் மெது. சிறுவர்கள் சுற்றி நீந்தி வந்து தாங்களும் நின்றபடி ஓடினார்கள். நல்ல துணை.

ஏப்ரல் 9

இரவு முழுக்க ட்ரையத்லன் வீராங்கனை புளோரா டபியைப் பற்றி வாசித்தேன். பெர்முடா. அறுபதாயிரத்துச் சொச்சம் சனம், கடல் நடுவில் ஒரு துண்டு நிலம். 2008 பெய்ஜிங்கில் பந்தயத்தை முடிக்கவில்லை, பிறகு விளையாட்டையே விட்டுவிட்டு இருந்திருக்கிறார். 2012 இலண்டனில் விழுந்தெழும்பி 45ஆவது. 2016 ரியோவில் 8ஆவது. 2021இல் டோக்கியோவில் தங்கம், பெர்முடாவின் முதலாவது ஒலிம்பிக் தங்கம். பிறகு முழங்கால் காயம், 2023 பருவமே போனது. 2024 பாரிசில் வந்து 5ஆவது.

எல்லாரும் அந்தத் தங்கத்தைச் சொல்கிறார்கள். நான் 2023ஐப் பற்றி யோசிக்கிறேன். மற்றவர்கள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவர் காலையில் எழும்பி என்ன செய்தார்? அவருக்கும் ஒரு முதல் அடி இருந்திருக்கும். அதை எந்தச் செய்தியும் எழுதவில்லை.

ஏப்ரல் 12

கோணேஸ்வரத்தில் கொடியேறிவிட்டது. மலைப் பக்கம் சனம். ஓட முடிந்திருந்தாலும் அங்கே ஓட இடமிருக்காது என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. மருத்துநீர், புதுச்சட்டை, கைவிசேஷம். பெரியம்மா கேட்டார்: "இன்னும் அந்த ஓட்டமும் நீச்சலும்தானோ பிள்ளை?" ஓம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. படியில் 180ஐ இரண்டு வேளையிலுமாக முடித்தேன்.

ஏப்ரல் 19

புல்மோட்டை வீதி. கந்தளாய்ப் பக்கம் நல்ல வீதிதான், ஆனால் அதற்கப்பால் விடியற்காலை யானை. அதனால் நீளப் பயணம் எல்லாம் எனக்கு வடக்கேதான்: நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி. போகும்போது சுகம். எட்டு மணிக்குத் திரும்பினால் தார் கீழிருந்து சுடுகிறது, காற்று நிலத்திலிருந்து பக்கவாட்டில் தள்ளுகிறது. கச்சான் காற்று இன்னும் தொடங்கவில்லை, ஜூனில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். ஒரு போத்தலில் வெறும் தண்ணீர், மற்றதில் ஜீவனி உப்புக்கரைசல். உப்புச் சேராமல் தண்ணீரை மட்டும் குடித்தால் கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் தொடை பிடித்துக்கொள்கிறது. குச்சவெளிக் கடையில் இளநீர் வெட்டித் தந்த ஐயா, நான் நின்றபடி குடிப்பதைப் பார்த்துக் கதிரையை இழுத்துப் போட்டார். இருந்தால் எழும்ப மனம் வராது என்று சொல்லி நின்றே குடித்தேன்.

நானா நிமிர்த்திய துண்டு தாங்குகிறது. ஒருதரமும் செயின் தாவவில்லை.

ஏப்ரல் 20

முதல் அடி: இரண்டு!

ஏப்ரல் 22

பிசியோ அனுமதி தந்தார். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்துத் தடவை. ஓடும்போது நோ பத்தில் மூன்றைத் தாண்டக்கூடாது, அடுத்த நாள் காலை கூடியிருக்கக்கூடாது. கடற்கரை மணலில் வேண்டாம், குதி தாழ்ந்து நாண் இழுபடும். உட்துறைமுக வீதியில், ஆளரவம் இல்லாத நேரத்தில் ஓடினேன். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம். எவ்வளவு நல்லது.

ஏப்ரல் 23

முதல் அடி: இரண்டுதான். கூடவில்லை. கூடவில்லை.

ஏப்ரல் 27

கூடிவிட்டது. ஐந்து. நேற்று மூன்று நிமிட ஓட்டத்துக்கு மாறிய நாள், சொன்னபடிதான் செய்தேன். படியில் இறங்கக் கைபிடி தேவைப்பட்டது. இவ்வளவு ஒழுங்காக இருந்தும் இப்படி என்றால் ஒழுங்குக்கு என்ன பெறுமதி? மாமா அழைத்தார், எடுக்கவில்லை. கடல் அங்கே ஆறிக் கிடக்கிறது, நான் இங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஏப்ரல் 28

நீந்தவில்லை.

ஏப்ரல் 29

மாமா வீட்டு வாசலில். "கால் நோகுதெண்டா கை என்ன செய்தது?" கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

1500ஐ நிற்காமல் நீந்தினேன். கடைசி முந்நூறில் வேகத்தைக் கூட்டியும் பார்த்தேன், உடம்பு கொடுத்தது. தோளில் இருக்கிற இந்தப் பலம் போன வருடம் இல்லை. கால் ஓய்ந்த கிழமைகளில் சேர்ந்ததுதான், வேறெங்கிருந்து வரும்?

மே 3

பிசியோவுடன் நீண்ட நேரம் கதைத்தேன். நோ கூடிய ஒரு நாளை வைத்து முடிவெடுக்க வேண்டாம், மூன்று நாளில் திரும்ப இரண்டுக்கு இறங்கியதுதான் முக்கியம் என்கிறார். பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்கு மே மாதத்தில் அவர் சம்மதிக்கமாட்டார். குறுந்தூரப் பிரிவுக்கு மாறினால் 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர். ஐந்தையும் ஓட்டமும் நடையுமாகப் போகச் சம்மதம்.

எனக்குக் கோபம் வந்தது. நீந்தத் தெரிந்த எனக்கு நீச்சலைப் பாதியாக்குகிறார்கள், அதுவும் தோள் இவ்வளவு நன்றாக இருக்கிற வருடத்தில். இரவு பத்து மணிக்கு மாற்ற விண்ணப்பத்தை நிரப்பினேன். அனுப்பவில்லை.

மே 4

அனுப்பிவிட்டேன்.

மே 6

பந்தயத்துக்குச் சைக்கிளை இரவு ரயிலில் பார்சலாக அனுப்பலாமா என்று விசாரிக்க வேண்டும். பின் ரயர் தேய்ந்துவிட்டது, கொழும்பிலிருந்து புதுசு வர வேண்டும், அந்த அலுமினியத் துண்டிலும் உபரியாக ஒன்று. நாளை ஐந்தரைக்கு மாமா. நீரோட்டம் மாறிவிட்டதாம், இம்முறை வடக்கே முதலில். இன்று நான்கு நிமிட ஓட்டம், ஐந்து தடவை, நோ இரண்டு. காலையில் பார்க்கலாம்.