முதுகைக் காட்டிப் பந்து வீசியவர்

ஜனவரி 6
அமெரிக்க பேஸ்பால் பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் 1975ஆம் ஆண்டு பழைய பதிவுகளை நேற்றிரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கியூபாவில் பிறந்த லூயிஸ் டியான்ட் பாஸ்டன் அணிக்குப் பந்து வீசுகிறார். உடலைத் திருகி, மட்டையாளருக்கு முதுகைக் காட்டி, ஒரு கணம் மைதானத்தின் கடைக்கோடியைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே சுழன்று பந்தை விடுகிறார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு பந்து தலைக்கு மேலிருந்து வருகிறது, அடுத்தது விலாவை ஒட்டி வருகிறது.

ஜனவரி 8
டியான்ட் ஹவானாவை ஒட்டிய மரியனாவோவில் 1940இல் பிறந்தவர். தந்தையின் பெயரும் லூயிஸ் டியான்ட்தான். இடக்கை வீச்சாளரான அவர், அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் கறுப்பர்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில் நியூயார்க் கியூபன்ஸ் என்ற, கறுப்பர்களுக்கான நீக்ரோ லீக் அணியில் ஆடியவர். அந்த அனுபவத்தாலேயே மகன் இத்தொழிலுக்கு வருவதை அவர் விரும்பவில்லை. மகனோ 1961இல் மெக்சிகோவுக்கு ஆடச் சென்றார். மறுபடி கியூப மண்ணை மிதிக்க அவருக்கு 46 ஆண்டுகள் ஆயின.

ஜனவரி 11
1964 ஜூலையில் நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் மேஜர் லீகில் அவரது முதல் ஆட்டம். ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் 11 பேரை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது) செய்தார். 1968இல் 21 வெற்றிகள். ஓர் ஆட்டத்துக்குரிய ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.60 ஓட்டங்களே கொடுத்தார். மறு ஆண்டே 20 தோல்விகள். 1970இல் தோள்பட்டை எலும்பு முறிந்தது; 1971இல் மின்னசோட்டா அணி விடுவித்துவிட்டது. முடிந்துபோனவர் என்று கருதப்பட்டவரைப் பாஸ்டன் சேர்த்துக்கொண்டது. 1972இல் அவரது சராசரி 1.91. குளிக்கும்போதும் வாயில் சுருட்டு இருக்குமாம். அதையும் நான் ரசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரி 15
தந்தையை அவர் 14 ஆண்டுகள் பார்க்கவில்லை. 1975இல் கியூபா சென்ற அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் கேட்டுக்கொண்டதன் பேரில், பெற்றோர் பாஸ்டனுக்குச் செல்ல ஃபிடல் காஸ்ட்ரோ அனுமதித்தார். ஆகஸ்ட் 26 அன்று பாஸ்டன் அணியின் ஃபென்வே மைதானத்தில், சம்பிரதாயமான முதல் பந்தை வீசக் கிழவர் அழைக்கப்பட்டார். கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு இடக்கையால் வீசினார். பந்து தாழ்ந்து போயிற்று. வேறு யாராக இருந்தாலும் கையசைத்துவிட்டு இறங்கியிருப்பார்கள். இவரோ பந்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, மறுபடி வீசினார். இம்முறை குறி தப்பவில்லை.

ஜனவரி 16
அந்த அக்டோபரில் சின்சினாட்டிக்கு எதிரான முதல் ஆட்டத்தை 6-0 என வென்றார். நான்காவது ஆட்டத்தில் களைத்துப்போயும் பந்து வீசும் மேட்டை விட்டு இறங்காமல் 163 பந்துகள் வீசி 5-4 என முடித்தார். தொடர் என்னவோ சின்சினாட்டிக்கே போயிற்று. 1982இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 229 வெற்றிகள் இருந்தன.

பெற்றோர் கியூபாவுக்குத் திரும்பவில்லை. 1976 டிசம்பரில் தந்தையும், அடுத்த சில நாட்களில் தாயும் பாஸ்டனிலேயே காலமானார்கள்.