புனைபெயரும் வாசகர் மதிப்பும்

புனைபெயரில் எழுதினால் வாசகர் பொருட்படுத்த மாட்டார் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. புதுச்சேரியில் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை. பள்ளி ஆசிரியர் கனகசுப்புரத்தினம் பாரதிதாசனாகத்தான் நிலைத்தார். வைத்தியலிங்கம், பிரபஞ்சன் என்ற பெயரில் 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பக்கத்தில் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த விருத்தாசலம்தான் புதுமைப்பித்தன்.

பெயர் முதல் பக்கத்தைப் புரட்ட வைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த முதல் பக்கத்தையே கெடுக்கும் பெயர்களும் உண்டு. புகழ்பெற்றவரின் பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்தால் நகல் என்ற எண்ணம் வந்துவிடும். வேடிக்கையான பெயரில் வரலாற்றுக் கட்டுரை எழுதினால் ஆதாரங்களைக்கூடச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அடிக்கடி பெயர் மாற்றுவது இன்னும் மோசம், சேர்ந்த வாசகர்கள் சிதறிப்போவார்கள்.

பெயரை முடிவு செய்யுமுன் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இணையத்தில் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒருவர் அழைப்பதுபோல் உரக்கச் சொல்லிப் பாருங்கள்; ல, ள, ழ நெருங்கி வந்தால் பலர் நாக்கில் அது சிதையும்.

பதிப்பாளருடன் போடும் ஒப்பந்தத்தில் இயற்பெயர், 'என்கிற', புனைபெயர் என இரண்டும் இருக்கட்டும். காசோலை இயற்பெயரில் வர வேண்டும். இல்லையென்றால் வங்கியில் சிக்கும்.

பலர் கவனிக்காதது பதிப்புரிமைக் காலம். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் யாரென்று தெரியாத புனைபெயர் நூலுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுதான் காப்பு. அந்தக் காலத்துக்குள் அடையாளம் வெளிப்பட்டால் அது ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டாக நீளும். வாரிசுகளுக்கு இது பெரிய வித்தியாசம்.