அப்பாவின் மாருதி 800-ஐ விற்றபோது

அப்பா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 2004-இல் வாங்கிய வண்டி அது. வெள்ளை மாருதி 800, டிஎன் 72, திருநெல்வேலிப் பதிவு. நான் ஓட்டப் பழகியதும் அதில்தான், கல்யாணத்துக்குப் பிறகு நாகர்கோவிலில் மாமனார் வீட்டுக்குப் போய் வந்ததும் அதில்தான். ஆடி மாதம் காவல்கிணறு தாண்டினால் காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். 650 கிலோ சொச்சம்தான் வண்டியின் எடை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றாலைகளைப் பார்க்காமல் சாலையை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். பக்கத்து சீட்டிலிருந்து அப்பா, "பையப் போ, காத்து தள்ளும்" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

அந்த சீட்டில் அவரால் உட்கார முடியாமல் போனதுதான் வண்டியை மாற்றக் காரணம். 78 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. மாருதியின் சீட் தரையை ஒட்டி இருக்கும். உட்காரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார், இறங்கும்போது நான் கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். ஏ.சி. ஓடி ஆறு வருடம் ஆகியிருந்தது, ஏர்பேக்கும் கிடையாது. என்ஜின் மட்டும் காலையில் ஒரே சாவியில் எடுக்கும்.

அதனால் உயரமான சீட் உள்ள வண்டியாகத் தேடினேன். வேகன் ஆரில் அப்பா குனியவே வேண்டாம், அப்படியே நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். புதிது வாங்கக் கையில் பணம் இல்லை, பழையதுதான். 2022 முதல் தயாரான கார் என்றால் முன்னால் இரண்டு ஏர்பேக்கும் கட்டாயம் இருக்கும் என்பதால், அந்த வருடத்துக்கு முந்தையது வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

நான் தேடியது 2024 ஏப்ரலில். அதற்கு நான்கு மாதம் முன்னால், டிசம்பர் 17, 18 தேதிகளில், எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் துடைத்து, பாலிஷ் போட்டு விற்பனைக்கு வரும் என்று பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சி முதலிலேயே சொன்னார். வண்டி பார்க்கப் போன இடத்துக்கெல்லாம் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் விரலை வைத்துத் தடவினார். ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி ஓடும் இரும்பில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். மூன்றாவதாகப் பார்த்த வண்டியில், பளிச்சென்று இருந்த பெல்ட்டின் அடிப்பாகத்தில் மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. பேசாமல் திரும்பி வந்துவிட்டோம்.

ஐந்தாவது வண்டி பிடித்தது. ஒரே ஓனர், சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இருந்தன. 4,90,000 ரூபாய்க்கு முடித்தோம். லோன் கட்டி முடித்துவிட்டாராம், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தது. கடன் தீர்ந்தது என்பதற்கு வங்கியிலிருந்து என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கி அந்தப் பெயரை நீக்கிய பிறகே மீதிப் பணம் என்று சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். இன்சூரன்ஸை என் பெயருக்கு மாற்றும்போது வித்தியாசத் தொகை ஒன்று கட்ட வேண்டி வந்தது. கிளெய்ம் எடுக்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், வண்டியோடு வராது, ஆளோடு போய்விடும். பேரம் பேசும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாருதி. இதில்தான் எனக்கு அதிக நாள் ஆனது.

முதலில் ஒரு பழைய கார் வியாபாரி வந்தார். 40,000 கையில் கொடுத்தார், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் நீட்டினார். வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. "அப்பாவ கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க சார், மத்தத நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார். நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் நோட்டீஸ் அப்பா பெயருக்குத்தான் வரும். 78 வயதில் அவரைக் கோர்ட் படி ஏற வைக்க முடியாது.

ஜூலையில் மாருதியின் எஃப்.சி., அதாவது ஓடத் தகுதியான வண்டி என்ற சான்று, முடிகிறது. 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. பசுமை வரி தனி. டிங்கரிங், பெயிண்ட், இரண்டு டயர் எல்லாம் சேர்த்து 18,000 செலவழித்து எஃப்.சி. எடுத்தேன். விற்கப்போகிற வண்டிக்கு ஏன் இவ்வளவு என்று வீட்டில் கேட்டார்கள். வண்டி இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று காகிதத்தோடு கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். எலக்ட்ரீஷியன், இரண்டு சின்னப் பிள்ளைகள், அதுவரை பைக் மட்டும்தான். 55,000-க்குப் பேசி முடித்தோம். பெயர் மாற்ற ஆன்லைனில் விண்ணப்பிக்க உட்கார்ந்தால், ஓ.டி.பி. வரவில்லை. 2004-இல் பதிந்த வண்டி, மொபைல் எண்ணே இணைக்கப்படவில்லை. முதலில் அதை இணைக்க வேண்டும். உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், விற்கிறீர்களோ இல்லையோ, இந்த ஒரு வேலையை இப்போதே முடித்து வையுங்கள். எங்களுக்கு இதிலேயே ஒன்பது நாள் போனது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் எண் இணையும் வரை சாவியைக் கொடுக்கவில்லை, அந்தத் தம்பியும் பொறுத்துக்கொண்டார்.

படிவத்தில் ஒட்டுவதற்கு சேஸிஸ் நம்பர் பிரிண்ட் கேட்டார்கள். பானட்டைத் திறந்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எண்ணைத் துடைத்தேன். மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாக உரச, ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாக எழும்பி வந்தது. 20 வருடமாகக் கழுவித் துடைத்த வண்டியில் அந்த இடத்தை அன்றுதான் முதல் முறையாகத் தொட்டேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தாளை எடுத்து இன்னொரு பிரதி எடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டெலிவரி நோட்டில் தேதி மட்டுமல்ல, நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மாலை 5.40. வண்டி தெருமுனை திரும்பும்போது அந்தத் தம்பி ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

ஜூலை கடைசியில் ஆன்லைனில் பார்த்தேன், பெயர் மாறியிருந்தது. அடுத்த ஞாயிறு வேகன் ஆரில் நாகர்கோவில் கிளம்பினோம். அப்பா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். வண்டி கொஞ்சம் கனம்தான், ஆனால் உயரமும் அதிகம். காவல்கிணறு தாண்டியதும் காற்று வந்து மோதியது, வண்டி லேசாக அசைந்தது.

"பையப் போ, காத்து தள்ளும்" என்றார்.