பழைய மெயிலை மூடுவதற்கு முன்னால்

புது முகவரிக்கு மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. பழையதில் பெயருக்கு நடுவே ஒரு அண்டர்ஸ்கோர் உண்டு. ஃபோனில் சொல்லும்போதெல்லாம் "கீழ்க்கோடு, நடுக்கோடு இல்லை" என்று சொல்லிச் சொல்லியே அலுத்துப்போய்த்தான் மாறினேன். மாறினேனே ஒழிய, பழையதை மூடவில்லை. ஃபார்வர்டு போட்டு வைத்திருந்ததால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுந்தது. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஃபார்வர்டு இருக்கும்வரை யார் இன்னும் பழைய முகவரிக்கே எழுதுகிறார்கள் என்பது கண்ணில் படாது. அதை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை பழைய பெட்டியைத் திறந்து, வந்தவர்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். மூன்று மாதத்தில் 41 வரி. அடிக்கடி எழுதுகிறவர்களால் தொல்லை இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவர்கள்தான் வில்லங்கம். டொமைனை, அதாவது இணையதளப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அப்படிப்பட்டது. அதனால் பெட்டிக்குள் "வெல்கம்", "வெரிஃபை", "ரினியூவல்" என்று தேடினேன். மறந்தே போன கணக்குகள் வரிசையாக எழுந்து வந்தன.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மூடிய முகவரி சும்மா கிடக்கும் என்று சொல்ல முடியாது. 2013ல் யாஹூ, ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படாமல் கிடந்த பெயர்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. வாங்கியவர்களில் சிலருக்கு முந்தைய சொந்தக்காரரின் மெயில்கள் வந்து சேர்ந்தன. பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பும் மெயிலில்தானே வருகிறது! ஜிமெயிலில் அந்தப் பயம் இல்லை, அழித்த முகவரியை யாருக்கும் மறுபடி தருவதில்லை. என் பழையது ஜிமெயில் இல்லை.

ஒரு தளத்தில் முகவரியை மாற்றப் போனால், உறுதிசெய்ய ஓடிபி பழைய முகவரிக்கே போயிற்று. முதலில் மூடியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். இதைவிடப் பெரிய கூத்து, மூடுவதாக இருந்ததற்கு முந்தின ராத்திரி நடந்தது. 41 இடத்திலும் முகவரியை மாற்றி, நோட்டில் கோடு போட்டு அடித்தாயிற்று. எதற்கும் பார்ப்போம் என்று புதுக் கணக்கின் செட்டிங்ஸைத் திறந்தேன். பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கு அதில் நான் கொடுத்திருந்தது பழைய முகவரியை! வீட்டுச் சாவியை இன்னொரு வீட்டில் கொடுத்து வைத்துவிட்டு, அந்த வீட்டை இடிக்கப் போன கதை. நோட்டில் இந்த வரி மட்டும் இல்லவே இல்லை, ஏனென்றால் அது எனக்கு ஒருமுறைகூட மெயில் அனுப்பியதில்லை.

பிறகு பேக்கப். தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் முதலில் பாப்3 என்ற முறையில் இறக்கினேன், இன்பாக்ஸ் மட்டும் வந்தது. நான் அனுப்பியவை வரவில்லை. ஐமேப் என்ற இன்னொரு முறைக்கு மாற்றிய பிறகுதான் எல்லா ஃபோல்டரும் வந்தன. அப்போதும் அவை சர்வரோடு கட்டிப்போட்டவைதான் என்பதால், கணினியிலேயே இருக்கும் லோக்கல் ஃபோல்டருக்கு நகலெடுத்து, நெட்டைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்த்தேன். திறந்தது.

முதல் சில வருஷங்கள் ஓட்டை ஓட்டையாக இருந்தன. அப்போது இலவசப் பெட்டி என்றால் 2 எம்பி, 4 எம்பிதான், அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி தருவதாக அறிவித்தபோது பலர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே நினைத்தார்கள். தப்பிப் பிழைத்தவற்றில் பாதி, எனக்கு நானே அனுப்பிக்கொண்டவை. தலைப்பு "அ", "அஅ", "கடைசி", "கடைசி 2". பென் டிரைவ் மாதிரி பயன்படுத்தியிருக்கிறேன்.

ஒரு பழைய மெயில் மட்டும் படிக்கவே முடியவில்லை. கொக்கி போட்ட ரோமன் எழுத்துகளும் பின்னங்களும். இப்போது எங்கும் புழங்கும் யூனிகோடு பரவுவதற்கு முன்னால், டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் அடித்தது அது. "த" வர வேண்டிய இடத்திலெல்லாம் முக்கால் என்ற பின்னம் உட்கார்ந்திருந்தது. ஏதோ முக்கியமான கடிதம் என்று ஆவலோடு, யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவியில் போட்டேன். "நேத்து அனுப்பின ஃபைல் திறக்கல, திரும்ப அனுப்பு" என்று வந்தது. அனுப்பினேனா என்று தெரியவில்லை.

மறுநாள் மூடினேன். 30 நாளுக்குள் லாகின் செய்தால் கணக்கு மறுபடி உயிர்பெறும் என்று எச்சரித்தது. ஃபோனின் மெயில் ஆப்பிலிருந்தும் அதை எடுத்துவிட்டேன், அது பாட்டுக்கு உள்ளே போய் எழுப்பிவிடப் போகிறதே என்று.

ஏழாம் நாள் ஒரு படிவம் நிரப்பும்போது பிரவுசர் தானாகப் பழைய முகவரியைப் போட்டது. அழித்துவிட்டுப் புதுசை அடித்தேன். கை பழக்கத்தில் நடுவே ஒரு அண்டர்ஸ்கோர் விழுந்திருந்தது.